இருநூற்றைம்பத்தாறில் ஒரு சிரங்கை

மாயக்காள் சத்தியம் பண்ண மறுத்துவிட்டாள்.

ஹாஸ்டல் மானேஜர் பிச்சுமணி ஐயர் அவளிடம் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. எங்கள் ஹாஸ்டல் முற்றத்தில் நின்றால் மேற்கே மீனாட்சி கோயில் கோபுரம் தெரியும். "ஏம்மா, அதோ அம்பாள் கோபுரம். அதைப் பார்த்து, பால்ல தண்ணி ஊத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் இந்தப் பேச்சை இத்தோட விட்டுடறேன்" என்றார். தப்பித்துப் போக அவரே ஒரு கதவைத் திறந்துவைத்தது போலத்தான் இருந்தது. மாயக்காள் கோபுரத்தைப் பார்த்தாள். தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து ஒரு உதறு உதறினாள்.

"அதெப்படிங்க சாமி? ஊத்துறவ, ஊத்தலைன்னு சத்தியம் பண்ண முடியுமா?"

"கேட்டீரா ஓய்!" என்று மானேஜர் என் பக்கம் திரும்பினார்.

கேட்டேன். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. என் கணக்கு சரியாகப் போய்விட்டது என்ற சந்தோஷம். அதற்குப் பிறகு அவள், "ஒரு சிரங்கைதான் சாமி, குடத்துக்கு ஒரு சிரங்கை" என்று உள்ளங்கையைக் குழித்துக் காட்டிச் சொன்னதும் என் காதில் விழத்தான் செய்தது. பிடிபட்டவர்கள் எல்லோரும் 'கொஞ்சம்தான்' என்றுதானே சொல்வார்கள் என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

"பங்குனி ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீ வர வேண்டாம். வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் மானேஜர். மாசி முடியப் பத்து நாள் இருந்தது.

இது நடந்தது 1937இல். அப்போது நான் வேலையில் சேர்ந்து எட்டு மாதம். திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் உழுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் நான், முதல் பி.ஏ.யும் நான், நடுவில் ஒருவரும் இல்லை. அப்படி ஏறி வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தான் படித்தது எதற்காவது உபயோகப்படுகிறதா என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டே இருப்பான். நான் படித்தது கணிதம். பகலில் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுப்பதும், மற்ற நேரத்தில் ஹாஸ்டல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

அந்த ஹாஸ்டலில் எனக்கு முதலில் பழக்கமான ஆள் மாயக்காள்தான். வண்டியூர்க் கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து, விடிந்தும் விடியாமலும் எட்டுப் படிப் பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தெப்பக்குளக் கரையோரமாகவே நடந்து வருவாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆள் நல்ல உயரம்; குடத்தோடு சேர்த்தால் ஹாஸ்டல் வாசல் நிலைக்குக் குனிந்துதான் வர வேண்டும். குனிவதற்கு முன் வாசலுக்கு வெளியே நின்று, "தலை வருது, தள்ளிக்கங்க!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். பால் தளும்பாமலிருக்க அதில் ஒரு பிடி சுத்தமான வைக்கோலைப் போட்டிருப்பாள். அதை எடுத்து வழித்து உதறிவிட்டுத்தான் அளக்க ஆரம்பிப்பாள். எட்டுப் படியும் அளந்து முடிந்த பிறகு, கையில் வேறு கொண்டுவந்திருக்கும் சொம்பிலிருந்து, "வளர்ற பிள்ளைக" என்று சொல்லிக்கொண்டே ஒரு ஊற்று ஊற்றுவாள். எந்தப் பிள்ளைக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மறுநாள் தனியாக ஒரு செம்பு பசும்பால் வரும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் சில வீடுகளுக்கும் இன்னொரு நடையில் அவள்தான் பால் ஊற்றினாள்.

எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். சட்டையில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும் என்பதால் நான் 'சுண்ணாம்புத் தம்பி'. முதல் வாரமே என்னை நிறுத்தி விசாரித்தாள்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அப்பன் என்ன பண்றாரு?"

"வெள்ளாமைதான்க்கா."

"அப்ப எருமை இருக்குமே?"

"ஒண்ணு இருக்கு."

"பீச்சத் தெரியுமா?"

தெரியாது என்றேன். என்னைப் படிக்க அனுப்பியபோதே அந்த வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

"அட, பீச்சத் தெரியாமயா பி.ஏ. குடுத்தாக?" என்று சிரித்தாள். அவள் சிரிப்பில் குத்தல் இருக்காது. ஆனால் எனக்கு உள்ளே எங்கேயோ குத்தியது.

பால் கண்ணாடியை வரவழைத்தது மானேஜர். வேறு ஏதோ ஊர் ஹாஸ்டலில் பாலில் பாதி தண்ணீராக இருந்தது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உடனே சென்னைக்கு எழுதி, தபாலில் ஒரு லாக்டோமீட்டரை வாங்கிவிட்டார். சாண் நீளக் கண்ணாடிக் குழாய். அடியில் ஒரு குமிழ், அதற்குள் ஈயக் குண்டுகள். மேலே பென்சில் கனத்தில் ஒரு காம்பு. காம்பின் உச்சியில் பூஜ்யம், அங்கிருந்து கீழே இறங்க இறங்க எண்கள் ஏறும். தண்ணீரில் விட்டால் பூஜ்யம் வரை மூழ்க வேண்டும். பால் தண்ணீரைவிடக் கனமானது, ஆகையால் குழாயைத் தூக்கி நிறுத்தும்; நல்ல பாலில் முப்பத்திரண்டாம் கோடு பால்மட்டத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் கலக்கக் கலக்க மூழ்கும் ஆழம் கூடும், எண் குறையும்.

"நீர்தான் கணக்குலே பி.ஏ. ஆச்சே. பாத்துச் சொல்லும்" என்று என்னிடம் கொடுத்தார்.

மாயக்காள் அளந்து வைத்துவிட்டுப் போன பாலில் மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். மூன்று நாளும் இருபத்தெட்டு.

அந்த வாரம் வகுப்பில் கலவைக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. பாடப் புத்தகத்தில் சீமை மளிகைக்காரன் ஒருவன் இரண்டு வகைத் தேயிலையை ஓயாமல் கலந்துகொண்டிருப்பான். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தேயிலையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் ஏன் கலக்கிறான், கலந்து என்ன செய்யப் போகிறான் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கியதாகச் சொல்ல முடியாது. இப்போது ஒரு கலவைக் கணக்கு தன் காலாலேயே நடந்து வாசலுக்கு வந்திருக்கிறது! மளிகைக்காரனை அழித்துவிட்டுப் பலகையில் எழுதினேன். ஒரு பால்காரி எட்டுப் படிப் பால் கொண்டுவருகிறாள். அதில் எக்ஸ் படி தண்ணீர். ஆகவே பால் எட்டு கழித்தல் எக்ஸ். பாலுக்கு முப்பத்திரண்டு, தண்ணீருக்குப் பூஜ்யம், கலவைக்கு இருபத்தெட்டு.

32 (8 − x) + 0 × x = 28 × 8
256 − 32x = 224
x = 1

எட்டுப் படியில் ஒரு படி தண்ணீர். அரைக்கால் பங்கு. மிச்சம் மீதி இல்லாமல் வந்த விடை. அது அவ்வளவு அழகாக வந்ததே, அது உண்மை என்று நான் நம்பியதற்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு யார் அந்தப் பால்காரி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தலை வருது, தள்ளிக்கங்க!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். விடையை ஒரு காகிதத்தில் எழுதி மானேஜரிடம் கொடுத்தேன். அதன் பிறகுதான் சத்தியம் கேட்டதும், அவள் மறுத்ததும்.

அதிலிருந்து நான்காம் நாள், வகுப்பில் நான் பலகைப் பக்கம் திரும்பி நின்றபோது பிள்ளைகள் திடீரென்று அமைதியானார்கள். ஜன்னலுக்கு வெளியே மாயக்காள் நின்றுகொண்டிருந்தாள். காலிக் குடம் இடுப்பில் இருந்தது.

"சுண்ணாம்புத் தம்பி, என்னையப் பத்திப் பலகையில என்னமோ எழுதிப் போட்டிருக்கீகளாம்ல? வாசிச்சுக் காட்டுங்க. எனக்கும் தெரியணும்ல."

பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு வெளியே போனேன். மறைப்பது சரியில்லை என்று பட்டது. எட்டுப் படியில் எக்ஸ் என்பதிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.

"எக்சுன்னா யாரு?"

"யாரும் இல்லக்கா. எம்புட்டுத் தண்ணின்னு தெரியாதுல்ல, அதுக்கு ஒரு பேரு."

"தெரியாத தண்ணியா?"

"ஆமா."

"எங்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்ல? நாலெழுத்து எழுதி, கோடு போட்டு, கஷ்டப்பட்டிருக்கீக." என்னைக் கேலி செய்கிறாளா, உண்மையிலேயே இரக்கப்படுகிறாளா என்று தெரியவில்லை. "சரி, கடைசியில என்ன வந்துச்சு?"

"ஒரு படி."

அவள் முகம் மாறியது. "ஒரு படியா? நான் என்ன, பால்லயா தண்ணி ஊத்துனேன்? தண்ணியில பால் ஊத்துன கதையால்ல இருக்கு!" பிறகு குரல் இறங்கிவிட்டது. "தம்பி, உங்க மானேஜரு சொன்னது தெரு பூராப் பரவிருச்சு. மூணு வீட்டுல சொம்பைக் கவுத்து வச்சுட்டாக. ஹாஸ்டல்லயும் நின்னா, மூணு எருமைப் பாலையும் நான் எங்க கொண்டுபோய் ஊத்துவேன்? ராங்கியச் சித்திரையில மாட்டுத்தாவணிச் சந்தைக்கு ஓட்டிப்புடலாம்கிறாரு எங்க வீட்டுக்காரரு. தலச்சனா ஈன்ற நாள்ல இருந்து எங்கிட்டத் தவிர ஒருத்தருக்கும் மடி குடுக்காதது அது. போற எடத்துல உதைச்சு உதைச்சே அடி வாங்கிச் சாகும்."

ராங்கி என்பது அவளுடைய மூத்த எருமை.

"நீங்கதானேக்கா ஊத்துறேன்னு சொன்னீக" என்றேன்.

"ஊத்துறேன். குடத்துக்கு ஒரு சிரங்கை. பாலைப் பச்சையா வீட்டை விட்டு வெளிய அனுப்பக் கூடாது தம்பி. வாங்குறவுக வீட்டுல அது அடுப்புல பொங்கித் தீயில விழுந்தா இங்க எருமைக்கு மடி காந்தும். ஒரு சிரங்கை தண்ணி பட்டுட்டா அந்தத் தோஷம் போயிரும். எங்க ஆத்தா அப்படித்தான், நானும் அப்படித்தான். அதை இல்லேன்னு அம்மன் மேல எப்படிச் சத்தியம் பண்றது? ஊத்துனதுக்குக் கெட்ட பேரு வந்தா வாங்கிக்கிறேன். ஊத்தாத ஒரு படிக்கு வாங்க மாட்டேன்." குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஞாயித்துக்கிழமை விடிய நம்ம வீட்டுக்கு வாங்க. அந்தக் கண்ணாடியவும் எடுத்துட்டு வாங்க. மடியில இருந்து நேராப் பாத்துப்புடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியைத் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போனேன். வழி நெடுக மனத்துக்குள் ஒரே கணக்கு. மடியிலிருந்து நேராக எடுத்த பால் முப்பத்திரண்டு காட்டும். ஹாஸ்டல் பால் இருபத்தெட்டு. ஆக அவள் பொய் சொல்கிறாள் என்று அவள் கண் முன்னாலேயே நிரூபணம் ஆகும். அதை எப்படி அவளுக்கு நோகாமல் சொல்வது என்றுதான் யோசித்தேன். நிரூபணம் வேறு விதமாகவும் போகலாம் என்ற நினைப்பே எழவில்லை.

வீட்டு வாசலில் அவள் புருஷன் வெள்ளைத்துரை உட்கார்ந்திருந்தார். பெயருக்கு நேர்மாறான நிறம். அதைச் சொல்லி அவரே முதலில் சிரித்துவிடுவார். மாயக்காள் ஒரு சொம்பைச் சாம்பல் போட்டு விளக்கி, துடைத்து, அடுப்பருகே காட்டிச் சூடேற்றி உலர்த்தினாள். என் கையில் கொடுத்து, "உள்ள கையை விட்டுப் பாருங்க தம்பி, ஈரம் இருக்கான்னு" என்றாள். இல்லை. ராங்கியின் கன்றை அவிழ்த்துவிட்டு, அது முட்டியதும் பிடித்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தாள். நுரை அடங்கும் வரை காத்திருந்தோம். கண்ணாடியை விட்டேன்.

இருபத்தெட்டுக்கும் ஒரு நூல் குறைவாக நின்றது.

எடுத்துத் துடைத்து மறுபடி விட்டேன். அதே இடம். அடுத்த எருமையைப் பீச்சச் சொன்னேன். ஏறக்குறைய அதே இடம்.

"என்ன தம்பி சொல்லுது?"

"எட்டுல ஒண்ணுக்கும் மேல தண்ணிங்குது."

வெள்ளைத்துரைதான் முதலில் வாயைத் திறந்தார். "நேத்துப் பூராக் கண்மாயில படுத்துக் கெடந்துச்சுல்ல மாயக்கா, அதான் உள்ள போயிருக்கும்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து கன்றைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு என்னிடம் கேட்டாள், "வெறுந்தண்ணியில விட்டா இது என்ன காட்டும்?"

"பூச்சியம்."

"விட்டுப் பாத்தீகளா?"

விட்டுப் பார்த்ததில்லை. பூஜ்யம் என்று புத்தகத்தில் இருந்தது, குழாயிலும் எழுதியிருந்தது. அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அவள் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வைத்தாள். கண்ணாடியைக் கழுவி அதில் விட்டேன். அது பூஜ்யத்தில் நிற்கவில்லை. பூஜ்யக் கோடு தண்ணீருக்குள் போய், அதற்கு மேலே எண் இல்லாத வெற்றுக் காம்பும் கொஞ்சம் மூழ்கியது.

"பூச்சியத்துக்கும் கீழ போகுதா?" என்று குனிந்து பார்த்தாள் மாயக்காள். "அப்பத் தண்ணிக்கும் நான்தான் தண்ணி ஊத்திட்டேன் போலருக்கு!"

சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. கன்றுக்குட்டியோடு வெள்ளைத்துரையும் திரும்பி வந்து சிரித்தார். எனக்குக் காது சுட்டது. கண்ணாடியை எடுத்துத் துடைத்து, முதன்முறையாக அதை ஒழுங்காகப் பார்த்தேன். காம்புக்கும் குமிழுக்கும் நடுவே, எறும்பு அளவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 60° F. அதை முதல் நாளே பார்த்திருக்கிறேன். செய்தவன் போட்ட சரக்கு எண் என்று நினைத்து விட்டுவிட்டேன். வெப்ப அளவு என்று படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன்தான். ஆனால் வாசித்த புத்தகத்தில் இருந்தால்தான் எனக்குக் கண் தெரியும் போலிருக்கிறது.

"அக்கா, இது குளிர் நாட்டுல செஞ்ச கண்ணாடி" என்றேன். "அறுபது டிகிரி குளிர்ச்சியில பால் இருந்தாத்தான் இதோட எண்ணு சரியா இருக்கும். நம்ம ஊர்ல தையிலகூட அம்புட்டுக் குளிராது. எந்தத் திரவமும் சூடு ஏற ஏற லேசாகும். பாலும் அப்படித்தான். லேசானதுல கண்ணாடி ஆழமா முங்கும். பீச்சுன சூட்டோட விட்டா, தண்ணி கலந்த மாதிரியே காட்டும்."

"அப்பச் சூட்டைத்தான் தண்ணின்னு எழுதிட்டீகளா?"

"ஆமாக்கா."

அவள் அதோடு விடவில்லை. "ஆற வச்சுப் பாத்துப்புடுவோம்" என்று பாலை ஒரு புது மண்கலயத்தில் ஊற்றி, ஈரத் துணி சுற்றி, நிழலில் நனைந்த மணலில் புதைத்தாள். எனக்குக் கேப்பைக் கூழும் வெங்காயமும் கொடுத்தாள். அரை மணிக்கு ஒரு தரம் கண்ணாடியை விட்டுப் பார்த்தோம். இருபத்தெட்டரை, இருபத்தொன்பது, இருபத்தொன்பதே முக்கால். வெயில் ஏறுவதற்குள் முப்பதைத் தொட்டுவிட்டது. ஒவ்வொரு கோடு ஏறும்போதும் வெள்ளைத்துரை ஜல்லிக்கட்டில் காளை வருவது போல ஒரு சத்தம் போட்டார். தண்ணீர் தானாகப் பாலாக மாறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நான் படித்த கல்லூரிக்குப் போய், எனக்குத் தெரிந்த ரசாயன உதவியாளர் ஒருவரைக் கேட்டேன். "அறுபதுக்கு மேல பத்து டிகிரிக்கு ஒரு கோடு கூட்டிக்கணும், இது தெரியாதா?" என்றார். பள்ளிக்கூடத்து வெப்பமானியை வாங்கிக்கொண்டு மறுநாள் ஹாஸ்டல் பாலைச் சோதித்தேன். சூடு தொண்ணூற்றைந்து. அதற்காக மூன்றரைக் கோடு கூட்டினால் இருபத்தெட்டு முப்பத்தொன்றரை ஆகிறது. மீதி அரைக் கோடு எருமைக்கு எருமை இருக்கும் வித்தியாசம். சுத்தப் பாலே எல்லா எருமைக்கும் ஒரே எண் காட்டாது என்றும் அந்த உதவியாளர் சொல்லியிருந்தார். என் சமன்பாட்டில் தவறே இல்லை. அதற்குள் நான் போட்ட எண்தான் தவறு. இதில் எது பெரிய ஆறுதல், எது பெரிய வெட்கம் என்று இன்று வரை எனக்கு முடிவாகவில்லை.

எல்லாவற்றையும் மானேஜருக்கு ஒரு அறிக்கையாகத் தமிழில் எழுதினேன். முதல் காகிதத்தை அவளுக்குக் காட்டாமல் கொடுத்தவன் நான். ஆகவே இதை முதலில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஹாஸ்டல் வாசலில் குடத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு. சிரங்கைய எங்க?" என்றாள்.

"அது வேணாம்க்கா. அது கணக்குலயே வராது. கண்ணாடிக்கே தெரியாது."

"கண்ணாடிக்குத் தெரியாட்டி? நான் ஊத்துறேன்ல."

"எழுதுனா மானேஜர் அதைப் பிடிச்சுக்குவாரு. 'பாத்தீரா, ஊத்துறா'ம்பாரு. ராங்கி போயிரும்க்கா."

ராங்கி பெயரைச் சொன்னதும் குடத்தின் விளிம்பை முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள். பிறகு, "அதை மறைக்கணும்னா அன்னைக்கே சத்தியத்தைப் பண்ணிட்டுப் போயிருப்பேன் தம்பி" என்றாள். "அம்மன் முன்னால மறைக்காததை உங்க காயிதத்துலயா மறைக்கிறது? எழுதுங்க. எம்புட்டுன்னும் போடுங்க. கொஞ்சம்னு போடாதீக, உங்க மானேஜரு நம்ப மாட்டாரு."

சமையலறையிலிருந்து ஆழாக்கைக் கொண்டுவந்தோம். அவள் தண்ணீர்த் தவலையில் கைவிட்டு அள்ளி அள்ளி ஊற்றினாள். நாலு சிரங்கையில் ஆழாக்கு நிறைந்தது. மூன்று தரம் செய்து பார்த்தோம்; மூன்று தரமும் நாலு. படிக்கு எட்டு ஆழாக்கு. எட்டுப் படிக்கு அறுபத்துநாலு ஆழாக்கு. அறுபத்துநாலை நாலால் பெருக்கினால் இருநூற்றைம்பத்தாறு. குடத்தில் இருநூற்றைம்பத்தாறில் ஒரு பங்கு தண்ணீர். பலகையில் நான் எழுதிய அதே இருநூற்றைம்பத்தாறு! அதைக் கண்ணாடியின் கோடுகளாக மாற்றிப் பார்த்தேன். அவள் சிரங்கையால் முப்பத்திரண்டிலிருந்து குறையக் கூடியது ஒரு கோட்டில் அரைக்கால். அரைக்கால் குடம் என்று நான் குற்றம் சாட்டியது, உண்மையில் ஒரு கோட்டின் அரைக்கால். கண்ணால் பார்க்க முடியாத அளவு. அதையும் அறிக்கையில் கடைசி வரியாகச் சேர்த்தேன்.

மானேஜர் குடியிருப்பு ஹாஸ்டலை ஒட்டியதுதான். பங்குனி பிறக்க இரண்டு நாள் இருந்தது. அறிக்கையை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். சூட்டுக் கதையைப் படிக்கும்போது தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நின்றார். நான் பயந்தது நடந்தது.

"ஏன் ஓய், மொத்தத்துல ஊத்தறான்னு நீரே எழுதியிருக்கீரே?"

"ஒரு சிரங்கை சார். மடி காந்தும்னு ஒரு நம்பிக்கை. அவளே எழுதச் சொன்னா."

"அவளே சொன்னாளா?"

"எழுதாம விடலாம்னேன். கேக்கலை."

அவர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு உள்ளே பார்த்து, "நாகலக்ஷ்மி! நீ பாலை அடுப்புல ஏத்தறச்சே என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "என்ன பண்ணுவா? ஒரு கை ஜலம் தெளிச்சு ஏத்துவேன்."

"எதுக்கு ஜலம்?"

"பச்சைப் பாலை அப்படியே நெருப்புல வைக்கறதாவது! பசுவுக்கு ஆகாது. இருபது வருஷமா அந்தக் காபியைத்தானே குடிக்கறேள், இப்போ என்ன வந்தது புதுசா?"

மானேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பை அடக்கியதில் அவர் காது மடல்கள் ஆடின. "சரி ஓய். அவ ஆத்துல ஒரு எக்ஸ், நம்மாத்துல ஒரு எக்ஸ். அவளையே வரச் சொல்லும். கண்ணாடியை மட்டும் இங்க குடுத்துடும். தபால் செலவு போட்டு வாங்கினது, மேஜை மேல இருக்கட்டும்." நான் எழுந்தபோது, "அந்தத் தெருக்காராளுக்கு நானே சொல்லிக்கறேன்" என்றார். சொல்லவும் செய்தார்.

வகுப்பில் பழைய கணக்கை மறுபடி எழுதினேன். எங்கே தவறினேன் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அது சுலபமாக இருக்கவில்லை. சாக்பீஸ் இரண்டு தரம் ஒடிந்தது. பின் பெஞ்சிலிருந்து இந்த முறை குரல் எதுவும் வரவில்லை. "அப்ப வெயில்காலத்துல எல்லாப் பாலுமே தண்ணிப் பாலாத் தெரியுமா சார்?" என்று ஒருவன் கேட்டான். சீமை மளிகைக்காரனைப் பற்றி யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

பங்குனி ஒண்ணாந்தேதி வழக்கமான நேரத்துக்கு, "தலை வருது, தள்ளிக்கங்க!" என்று சத்தம் கேட்டது. மாயக்காள் குடத்தை இறக்கினாள், வைக்கோலை எடுத்து உதறினாள், அளந்தாள், சொம்பிலிருந்து ஒரு ஊற்று ஊற்றினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"சுண்ணாம்புத் தம்பி, அன்னைக்குச் சொன்னீகளே, அது எம்புட்டு? இருநூத்தி..."

"இருநூத்தியம்பத்தாறுல ஒண்ணு."

"இருநூத்தியம்பத்தாறுல ஒண்ணு" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "எதுக்குக்கா?" என்றேன். "கேக்குறவுகளுக்குச் சொல்லணும்ல" என்றாள்.

கேட்டவர்களுக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். இந்த நாலு வருஷமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் அதைச் சொல்கிறாள். ராங்கி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, போன வருஷம்கூட ஈன்றது. சொம்பைக் கவிழ்த்த மூன்று வீடுகளும் நிமிர்த்திவிட்டன. காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவள் எனக்கு எதிரே தெருவில் இறங்கி வருவாள். படியைச் சாய்க்கும்போது அந்தக் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கும்.

"பிடிங்க தாயி! இருநூத்தியம்பத்தாறுல ஒண்ணு தண்ணி, மிச்சம் பூராவும் பாலு!"